ரோஜா நிறம், நீலக் கரை

ஆவடி குவார்ட்டர்ஸ்
9-12-1990

அன்புள்ள தங்கை சுசீலாவுக்கு,

அண்ணன் கங்காதரன் எழுதுவது. இங்கே நானும் வனஜாவும் சௌக்கியம். குளிர் வந்தால் எனக்கு முழங்கால் வலியும் கூடவே வருகிறது, அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளை கோவிந்தராஜும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. பூக்கடை வியாபாரம் எப்படிப் போகிறது என்றும் எழுது.

வனஜாவுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் பெயர் பார்த்தசாரதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். வனஜாவின் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. வீடு பருத்திப்பட்டில். தகப்பனார் இல்லை, தாயார் ராஜம்மாதான் எல்லாம். மார்ச் 27 புதன்கிழமை காலை முகூர்த்தம். முதல் நாள் மாலை வரவேற்பு.

உன்னிடம் கேட்பது பூ விஷயம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, வழக்கமான அரக்குதான். வரவேற்புக்குத் தன் அம்மாவின் பட்டுப் புடவையைத்தான் கட்டுவேன் என்கிறாள் வனஜா. நான் வாங்கிக் கொடுத்த புடவை, ரோஜா நிறம், நீலக் கரை. மாலை, தலைப்பூ, மேடை ஜோடனை எல்லாம் அந்த நிறத்துக்குப் பொருந்தி வர வேண்டுமாம். சிவப்பு, மஞ்சள் ஒரு இதழ்கூடக் கூடாதாம். டிசம்பர் பூ கிடைக்குமா என்று கேட்கிறாள். ரோஸ் புடவைக்குப் பன்னீர் ரோஜாதானே பொருத்தம், இவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று புரியவில்லை. பூவிலேயே வாழ்கிறவள் நீ. யோசித்து எழுது.

உன் மதினி இருந்திருந்தால் இதையெல்லாம் அவளே பார்த்திருப்பாள். உனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்துபோனது எனக்குத் தெரியாததல்ல. காரணத்தைத்தான் இரண்டு பேருமே சொல்லவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதை விடு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள்.

உன் அண்ணன்
கங்காதரன்


நிலக்கோட்டை
28-12-1990

அன்புள்ள அண்ணனுக்கு,

சுசீலா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். மார்கழியில் கடையில் வேலை அதிகம், அதனால் பதில் தாமதம்.

வனஜாவுக்குக் கல்யாணம் என்றதும் இவருக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். பையன் பக்கத்திலேயே வேலை பார்ப்பது நல்லது.

டிசம்பர் பூ தை பாதிக்கு மேல் வராது. பங்குனியில் தேடினாலும் கிடைக்காது. மற்றதைப் புடவையைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல முடியும். மதினியிடம் ரோஸ் நிறத்தில் பட்டுப் புடவை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எந்தப் புடவை? முடிந்தால் வனஜாவையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கை
சுசீலா


ஆவடி
15-1-1991

அன்புள்ள சுசீலாவுக்கு,

பொங்கல் இங்கே நல்லபடியாக முடிந்தது. உங்கள் வீட்டிலும் பால் நன்றாகப் பொங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு உன் மதினி கட்டிக்கொண்டு வந்தாளே, அதே புடவைதான். 71-ல் முதல் போனஸ் கையில் வந்ததும் நேரே காஞ்சிபுரம் போனேன். ரோஸ் கலரில் நீலக் கரை வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு அடுக்கை எடுத்துப் போட்டார். நெசவு எது அழுத்தம் என்று தடவிப் பார்த்து, அடுக்கின் நடுவிலிருந்து நானே ஒன்றை உருவினேன். என் ஆயுளில் நானாகத் தேர்ந்தெடுத்த ஒரே பெண்கள் துணி அதுதான். உன் கல்யாண போட்டோவில் பார், உனக்கு இடப் பக்கம் நிற்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது. ஆனாலும் எத்தனை லட்சணம்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அதை அவள் ஒரு நாளும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, விசேஷத்துக்கு இருக்கட்டும் என்றாள். எத்தனையோ விசேஷம் வந்து போயிற்று. நான் வாங்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு நானும் கேட்பதை விட்டேன்.

முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒன்று, கரையிலிருந்து ஒன்று என இரண்டு நூலைப் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இன்லண்டில் எதையும் வைக்கக் கூடாது என்பதால் இந்தக் கவர். கலந்துவிடாமல் இருக்கத் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் ஒட்டி, ரோஸ், நீலம் என்று எழுதியிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே தக்காளிக் கடைக்காரன் தொடர்ந்து ஏமாற்றுகிறான். பழம் என்று நினைத்துப் பொறுக்கி வந்தால், வீட்டில் வனஜா பார்த்துவிட்டுப் பாதி காய் என்கிறாள்.

உன் அண்ணன்
கங்காதரன்


ஆவடி
12-2-1991

அன்புள்ள சுசீலாவுக்கு,

நான் நலம். நீ நலம்தானா? நூல் வைத்து அனுப்பிய கவர் கிடைத்ததா இல்லையா? நான்கு வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருக்கிற பழக்கம் உனக்கு முன்பு ஒன்றும் இல்லையே.

நீ எழுதாததால் நானே ஆவடி மார்க்கெட்டில் வேம்புலியம்மாளிடம் போனேன். ஸ்டேஷன் பக்கம் பூக்கூடை வைத்து உட்கார்ந்திருப்பவர், வயதானவர். கையில் அந்தப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியை எடுத்துப் போயிருந்தேன். “இந்த ரோஸ் புடவைக்குத் தோதா மாலை வேணும்மா” என்றேன். துணியை வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா சார், கிண்டலா? அடுப்புச் சாம்பலாட்டம் கீது, ரோஸுன்றியே!”

“உங்களுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சாம்மா?” என்றேன்.

“எனுக்கா? கரண்டு போனாகூட ஒரு பூ மாறாம கட்றவ நானு. ஊட்ல பொம்பள யாராச்சும் இருந்தா இட்டுக்கினு வா நைனா. ஆம்பளைக்கு இன்னா தெரியும் கலரு?”

பக்கத்துக் கூடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பாவம், கண்ணில் புரை விழுந்திருக்கும். வனஜாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தால், அவள் சிரிக்கவில்லை. இனிப் பூ பார்க்க நீங்கள் போக வேண்டாம் என்று துணியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

உடனே பதில் எழுது. நாள் நெருங்குகிறது.

உன் அண்ணன்
கங்காதரன்


நிலக்கோட்டை
17-2-1991

அன்புள்ள வனஜாவுக்கு,

அத்தை சுசீலா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா கண்ணு? இதை உன் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். அப்பா பார்க்க வேண்டாம்.

ஒரு மாதமாக இரண்டு நூல் என் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. ரோஸ் என்று உன் அப்பா எழுதி ஒட்டியிருக்கிற நூல் சாம்பல். நீலம் என்று எழுதியிருப்பது கத்தரிப்பூ நிறம். முதலில் மாற்றி ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். மாற்றிப் பார்த்தாலும் ரோஸ் இல்லை. அப்புறம் மார்க்கெட்டில் நடந்ததை எழுதினார். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் இல்லை.

உனக்கு அப்போது நான்கு வயது, தெரியாது. என் முகூர்த்தத்தன்று உன் அம்மா சாம்பல் புடவையில் வந்து நின்றாள். பட்டணத்துக்காரி, எங்களை மதிக்கமாட்டாள் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு உண்டு. என் மாமியார் வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. மணையில் உட்கார்ந்தபடியே, எல்லோர் காதிலும் விழும்படி, “என்ன மதினி, கல்யாணத்துக்கு வந்தீகளா, கருமாதிக்கு வந்தீகளா?” என்று கேட்டேன். உன் அப்பா பந்தல் வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. உன் அம்மா அவர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “வேற பொடவ எத்துக்கினு வரல சுசீலா” என்று மட்டும் சொன்னாள்.

வேண்டுமென்றே செய்தாள் என்று பதினாறு வருஷம் நினைத்தேன். அவள் போட்ட கடிதங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் பதில் போட்டேன். அவள் இறந்த தந்தி வந்தபோது ஆவணி முகூர்த்த வேலை என்று சொல்லிக்கொண்டு, பதினாறாம் நாள்தான் வந்தேன்.

நீ என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் அப்பாவின் கண்ணுக்கு என்ன? அது உன் அம்மாவுக்குத் தெரியுமா?

அத்தை
சுசீலா


அம்பத்தூர்
25-2-1991

அன்புள்ள அத்தைக்கு,

வனஜா வணக்கத்துடன் எழுதுவது. மாமாவும் குழந்தைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதுவதால் கையெழுத்து இப்படி.

அப்பாவுக்குச் சில நிறங்கள் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். சட்டை பேன்ட்டை அம்மாதான் ஜோடி சேர்த்து மடித்து வைப்பாள். தக்காளி வாங்க அப்பாவை ஒரு நாளும் அனுப்பமாட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆசையா வாங்கியாந்தாருடி. பிரிச்சிப் பாத்தா சாம்பலு. ரோஸு எப்பிடி கீதுன்னு கேட்டாரு. நல்லா கீதுன்னேன். ஒரு தபா சொல்லிட்டு அப்பால எப்பிடி மாத்தறது? கண்ணுல கொறைன்னு ஃபேக்டரில தெரிஞ்சா வேலை பூடுமோன்னு வேற பயம். அவரு கண்ணுக்கு அது ரோஸு. ரோஸாவே இருந்துட்டுப் போவட்டும். நீயும் சொல்லாதே.”

உங்கள் கல்யாணத்தன்றும் அம்மா அரக்குப் புடவைதான் எடுத்து வைத்தாளாம். அப்பாதான், நான் வாங்கினது பிடிக்கலையா என்று கேட்டு, இதைக் கட்டச் சொல்லியிருக்கிறார். வேறு புடவை கொண்டுவரவில்லை என்று உங்களிடம் சொன்னது அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன வார்த்தையை அம்மா எனக்குச் சொல்லவில்லை, அத்தை. யாரோ ஏதோ சொன்னார்கள் என்றுதான் சொன்னாள். உங்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த நாளை மறந்தாள் என்று நான் பொய் எழுதமாட்டேன்.

இந்தப் புடவையைக் கட்டுவது அம்மாவுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது நிஜமாகவே பிடித்திருக்கிறது. மழைக்கு முன்னால் பருத்திப்பட்டு ஏரி இருக்குமே, அந்தச் சாம்பல். அதற்குப் பொருந்துகிற பூ மட்டும் வேண்டும். கூடவே, அப்பா ஆசையாக வாங்கிய புடவையில் ஒரு பெண் சந்தோஷமாக நிற்பதை அவர் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் கண் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். நீங்கள் அன்று பேசியதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்
வனஜா


நிலக்கோட்டை
2-3-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சுசீலா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். நூல் கிடைத்தது. பதில் எழுதாமல் விட்டது என் தப்பு. பூ வரத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

பூ முடிவு செய்துவிட்டேன். பன்னீர் ரோஜா வேண்டாம். ரோஸ் புடவைக்கு ரோஜா வைத்தால் பூவும் எடுபடாது, புடவையும் எடுபடாது. மாலை முழுக்கச் சம்பங்கி. இடையிடையே மரிக்கொழுந்து. கரைக்குப் பொருந்த, ஒரு சாண் இடைவெளியில் வாடாமல்லி ஒற்றை வரிசை. வாடாமல்லியை அதிகம் வைத்தால் சாவு மாலை மாதிரி ஆகிவிடும், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அளவாக வைத்தால் கண்ணைப் பறிக்கும். தலைக்குக் குண்டுமல்லி மட்டும், நெருக்கமாகக் கட்டியது. மேடைக்கு நந்தியாவட்டையும் தென்னங்குருத்தும். வெள்ளைப் பூவின் பக்கத்தில் அந்தப் பட்டு புதுசாகத் துலக்கிய வெள்ளிச் செம்பு மாதிரி இருக்கும்.

பூவை நானே கொண்டுவருகிறேன். வாழைமட்டையில் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, 25-ஆம் தேதி இரவு கொடைரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். காலையில் எழும்பூரில் ஆள் நிற்கட்டும். மாலையை நான்தான் கட்டுவேன். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

தங்கை
சுசீலா


ஆவடி
11-3-1991

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் கடிதம் கண்டு மனசு நிறைந்தது. நானே எழும்பூர் வருகிறேன். இங்கே எல்லோரும் சுகம், பத்திரிகை கொடுக்கிற அலைச்சல்தான்.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா ராஜம்மா வந்திருந்தார். வனஜா புடவையை எடுத்துக் காட்டினாள். “இன்னாமா இது, ரிசப்ஷனுக்குப் போயி...” என்று ஆரம்பித்தார். வனஜா அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவர் வார்த்தையை விழுங்கிவிட்டு, “நல்லாத்தான் கீது” என்றார்.

ஃபேக்டரியில் எங்கள் லேத் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பீஸின் அளவு இரண்டு பேர் கையில் ஒரே மாதிரி வந்து, மூன்றாவது ஆள் கையில் மாறி வந்தால், பீஸைத் தூக்கிப் போடமாட்டோம். மூன்றாவது ஆளின் மைக்ரோமீட்டரைத்தான் சோதிப்போம். வேம்புலியம்மாள் ஒன்று சொன்னார். ராஜம்மா ஏதோ சொல்ல வந்தார். மூன்றாவது ஆள் நான்.

நூல் உன்னிடம் இருக்கிறது. நீ ஒருத்திதான் எனக்கு மறைக்கமாட்டாய். அது என்ன நிறம்? இன்னொன்றும் கேட்கிறேன். உன் கல்யாணத்தன்று மணைக்குப் பக்கத்தில் நின்ற உன் மதினியின் முகம் ஏன் அப்படி ஆயிற்று? திரும்பும்போது பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். என் மனிதர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, அன்றைக்கு அவளிடம் கடுமையாகப் பேசினேன்.

கல்யாணத்துக்கு முன் பதில் போடு.

உன் அண்ணன்
கங்காதரன்


நிலக்கோட்டை
16-3-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வெயிலில் அதிகம் அலைய வேண்டாம்.

நூல் ரோஸ்தான். இருபது வருஷம் பெட்டியில் கிடந்த பட்டு, சாயம் மங்கியிருக்கிறது. பழைய பட்டைத் தெரியாதவர்கள் பார்த்தால் வேறு நிறம் மாதிரி இருக்கும். அதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் கல்யாணத்தன்று எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. ஓமப் புகையும் கூட்டமுமாக இருந்தது.

தோட்டத்தில் சம்பங்கிக்குச் சொல்லிவிட்டேன். 26 காலை எழும்பூரில் பார்ப்போம்.

தங்கை
சுசீலா


ஆவடி
14-4-1991

அன்புள்ள சுசீலாவுக்கு,

புது வருஷ நாள். வீட்டில் நான் ஒருவன்தான். வனஜாவும் மாப்பிள்ளையும் காலையில் வந்து கும்பிட்டுவிட்டுப் பருத்திப்பட்டுக்குத் திரும்பினார்கள். நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. மாப்பிள்ளை கோவிந்தராஜுக்கு என் நன்றியைச் சொல்.

உன் பூவைப் பற்றித்தான் இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். சம்பங்கி வாசனை மண்டபத்தில் மறுநாள் மதியம்வரை இருந்தது. வாடாமல்லி வைத்த இடம் ஒவ்வொன்றையும் நான் பத்திரிகை கொடுத்து வந்திருந்த வேம்புலியம்மாள் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். “யார் கட்னது? கையைக் காட்டச் சொல்லு” என்றார். வனஜா அந்தப் புடவையில் சிரித்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்தேன். அது போதும்.

வரவேற்பன்று நீ மேடைக்குக் கீழே நின்று ராஜம்மாவுக்குச் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. பந்திக்கு ஆள் கூப்பிட நான் பின்னால் வந்திருந்தேன். “ஆயிரம் இருந்தாலும் நல்ல நாள்ல சாம்பல் கட்டலாமாம்மா?” என்று அவர் கேட்டார். நீ சொன்னாய், “இது எங்க மதினி என் கல்யாணத்துக்குக் கட்டிட்டு வந்த புடவைங்க. அன்னைக்கும் இதே சாம்பல்தான். அன்னைக்கு அந்தப் பந்தல்ல இதைவிட நல்ல புடவை ஒண்ணு இல்ல. எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியல.”

சாயம் மங்கியது என்று நீ எழுதியதை அதுவரை நம்பியிருந்தேன்.

மறு வாரம் டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஒரு எண் இருக்கிறது, படியுங்கள் என்றார். முதல் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த எட்டுப் பக்கத்தில் எனக்கு எண் இல்லை. பிறவியிலேயே இப்படித்தான், ஆண்களுக்குச் சகஜம், லேத் வேலைக்கு இதனால் தடை இல்லை என்றார். இத்தனை நாள் வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

கவனித்தவளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். மடித்து வைத்த சட்டைகள், அவள் தானே போய் வாங்கிய காய்கள், தீபாவளிக்குத் துணிக்கடைக்கு என்னை ஏதாவது சாக்குச் சொல்லி வரவிடாதது. நான் அதைக் கர்வம் என்று நினைத்தேன். இனி உனக்கு நான் புடவை எடுக்கமாட்டேன் என்று ஒரு நாள் அவளிடம் சொன்னேன். சரி என்றாள். சொன்னபடியே கடைசிவரை எடுக்கவில்லை. உன் கல்யாணத்தன்று அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், இதைத்தான் கட்ட வேண்டும் என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தவன் நான். சாம்பல் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு வந்து உங்கள் எல்லோர் முன்னாலும் நின்றிருக்கிறாள்.

நீ மறைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. வனஜாவும் மறைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் அம்மாவுக்கு ஏதோ வாக்குக் கொடுத்திருப்பாள், அது அப்படியே இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று மணைப் பக்கத்தில் யாரோ அவளை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நீ மணையில் இருந்தாய், யார் என்று பார்த்திருப்பாய். சண்டைக்குப் போக அல்ல. அவர் உயிரோடு இருந்தால் ஒரு கார்டு போட வேண்டும். அந்தப் புடவையைக் கட்டச் சொன்னவன் நான், என் கண்ணில்தான் குறை, என் மனைவி ஜெகதாம்பாள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று. அவளுக்காக இனி நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பெயரும் விலாசமும் எழுது.

உன் அண்ணன்
கங்காதரன்


நிலக்கோட்டை
6-5-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

சுசீலா எழுதிக்கொள்வது. இவரும் பிள்ளைகளும் நலம். சித்திரையில் மல்லி வரத்து அதிகம், விலை இல்லை. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பூ வேலையால் தாமதம் என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

கல்யாணத்துக்கு வந்தபோது நேரில் சொல்லிவிடத்தான் இருந்தேன். மாலை கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்தீர்கள். அப்போது வாய் வரவில்லை.

என் கல்யாண போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போல, எனக்கு இடப் பக்கம் மதினி நிற்கிறாள். என் கூரைப்புடவையும் அதில் சாம்பலாகத்தான் இருக்கிறது. நம் எல்லோர் துணியும் அப்படித்தான். அவள் ஒருத்திதான் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கிறாள். பந்தல் வாசலில் நீங்கள் நின்ற பக்கம்.

நீங்கள் கேட்ட ஆள் உயிரோடுதான் இருக்கிறார். விலாசம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கார்டை நிலக்கோட்டைக்கே போடுங்கள், அண்ணா, என் பெயருக்கு.

தங்கை
சுசீலா